‘டிஸ்க்கே காட்டலண்ணே’: பழைய ரெய்டு கார்டு உள்ள பெட்டியில் லினக்ஸ் ஏற்றுவது எப்படி?

கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மண்டி. மாடிப்படிக்குக் கீழே, வற்றல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு டெல் ஆர்710 சர்வர் பத்து வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. மூடியைக் கழற்றினால் தும்மல் நிற்காது. ஃபேனில் படிந்திருப்பதில் பாதி தூசி, பாதி மிளகாய். கணக்கு எழுதுகிற நாலு கம்ப்யூட்டருக்கும் டாலி டேட்டா இந்தப் பெட்டியிலிருந்துதான் சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாகப் போகிறது. டிஸ்க்குகள் மாட்டியிருப்பது அவற்றைச் சேர்த்து நடத்தும் ஒரு ரெய்டு கார்டில். உள்ளே இருந்தது ரெட்ஹேட் வகை லினக்ஸான சென்டோஸ் 7. 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு அதற்கு அப்டேட் வருவது நின்றுபோனது. அண்ணாச்சியின் மகன் எங்கேயோ இதைப் படித்துவிட்டு, “புதுசு போட்டுருங்கண்ணே” என்று பிடித்துக்கொண்டார்.

மண்டிக்கு ஞாயிறு விடுமுறை. அன்றைக்கே முடித்துவிடலாம் என்று ராக்கி லினக்ஸ் 8.10 ஏற்றிய பென் டிரைவைக் கொடுத்து என் கடைப் பையனை அனுப்பிவிட்டு, நான் உசிலம்பட்டி பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டேன். இலை போட்டுக் கறிக்குழம்பு வருகிற நேரத்தில் போன்.

“அண்ணே, டிஸ்க்கே காட்டலண்ணே. ரெண்டும் செத்துருச்சு போல.”

“காலைல வரைக்கும் ஓடுனது எப்படிடா ரெண்டும் ஒண்ணாச் சாகும்? எதையும் அமுக்காத. அப்படியே வையி, வர்றேன் லைனுக்கு.”

கையைக் கழுவிவிட்டு, மைக் செட் சத்தம் எட்டாத ஒரு புளியமரத்தடிக்குப் போய் நின்று, முக்கால் மணி நேரம் போனிலேயே ஓட்டினோம். இதே போன் எனக்கு அதற்கு முன்னும் வந்திருக்கிறது, பின்னும் வந்திருக்கிறது. பெட்டி மாறும், ஊர் மாறும், ‘டிஸ்க்கே காட்டல’ மட்டும் மாறாது. அன்றைக்குச் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

கட்டளைகளைப் போனில் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. ‘கோடு’ என்றால் கழித்தல் குறி, ‘கீழ்க்கோடு’ என்றால் அடியில் போடும் கோடு. என் பையன்களுக்கு இது பழக்கம். உங்களுக்கும் இரண்டு பத்தி தாண்டினால் பழகிவிடும்.

அழிப்பதற்கு முன்னால்

பழைய லினக்ஸ் இன்னும் ஓடுகிறது என்றால், அதை அழிப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதில் ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) நுழைந்து ‘எல்எஸ்பிசிஐ, இடம் விட்டு, கோடு என்என்கே’ என்று அடியுங்கள். பெட்டிக்குள் இருக்கிற எல்லா கார்டும் வரிசையாக வரும். திரையை செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து வருடமாக ஒழுங்காக வேலை செய்த டிரைவரின் (கார்டை ஓட்டும் மென்பொருளின்) பெயர் அந்தப் படத்தில் இருக்கும். நான் பையனை அனுப்பும்போது சொல்ல மறந்தது இதைத்தான். அவன் நேராகப் புது பென் டிரைவிலிருந்து பூட் செய்துவிட்டான். நல்லவேளை, இன்னும் எதையும் அழித்திருக்கவில்லை.

டேட்டாவை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: எடுங்கள். எடுத்ததை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.

பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்

இன்ஸ்டாலர் டிஸ்க் இல்லை என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேபிளைப் பிடுங்கிச் சொருகுகிறார்கள். அப்புறம் டிஸ்க்கை மாற்றுகிறார்கள். அப்புறம் எனக்குப் போன் வருகிறது. உண்மையில் டிஸ்க் உங்கள் கண்ணுக்குத் தெரிய நாலு வாசல் தாண்டி வர வேண்டும். மதர்போர்டுக்குக் கார்டு தெரிய வேண்டும். லினக்ஸின் மையமான கெர்னலில் அந்தக் கார்டுக்கு டிரைவர் இருக்க வேண்டும். டிரைவர் கார்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசியில் கார்டு தன்னிடம் இருக்கிற டிஸ்க்கை வெளியே காட்ட வேண்டும். எந்த வாசலில் நிற்கிறது என்று தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள்.

இன்ஸ்டாலருக்குள்ளேயே ஒரு ஷெல், அதாவது கட்டளை அடிக்கும் திரை, இருக்கிறது. ராக்கி, ஆல்மா, ரெட்ஹேட் வகையில் கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்1 அமுக்கி, பிறகு கண்ட்ரோல்-பி அமுக்கி விட்டுவிட்டு 2 அமுக்கினால் வரும். திரும்பி வர கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்6. டெபியனில் எழுத்து இன்ஸ்டாலர் என்றால் ஆல்ட்-எஃப்2, படம் காட்டும் இன்ஸ்டாலர் என்றால் கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்2, பிறகு என்டர்.

அங்கேயும் அதே எல்எஸ்பிசிஐ கோடு என்என்கே. பையன் எனக்கு வாசித்துக் காட்டிய வரி இப்படி இருந்தது: ரெய்டு பஸ் கன்ட்ரோலர், சதுர அடைப்புக்குள் 0104, எல்எஸ்ஐ லாஜிக், மெகாரெய்டு சாஸ் 1078, மறுபடி சதுர அடைப்புக்குள் 1000:0060.

அடைப்புக்குள் இரண்டு எண் வருகிறது பாருங்கள். முதலாவது இன எண்: 0100 என்றால் ஸ்கசி, 0101 ஐடிஇ, 0104 ரெய்டு, 0106 சாட்டா, 0107 சாஸ். இரண்டாவதுதான் கார்டின் அடையாள எண். முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது சிப் செய்த கம்பெனி: 1000 எல்எஸ்ஐ, 9005 அடாப்டெக், 8086 இன்டெல். (தன் பழைய பிராசஸர் நம்பரையே இன்டெல் அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறது. இதைக் கேட்டதும் பையன்கள் சிரிப்பார்கள், அப்புறம் மறக்கவே மாட்டார்கள்.) பின்னால் இருப்பது அந்தச் சிப்.

கார்டின் மேல் ஒட்டியிருப்பது ‘பெர்க் 6/ஐ’ என்ற டெல் ஸ்டிக்கர். கெர்னலுக்கு ஸ்டிக்கர் தெரியாது. 1000:0060 மட்டும்தான் தெரியும். டெல், எச்பி, ஐபிஎம் என்று எத்தனையோ பெட்டிக்குள் எல்எஸ்ஐ சிப்தான் வேறு வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் இணையத்தில் தேடும்போதும் பெயரை அடித்துத் தேடாமல் எண்ணை அடித்துத் தேடுங்கள்.

கார்டே அந்தப் பட்டியலில் இல்லை என்றால் முதல் வாசலிலேயே நிற்கிறது. கார்டைக் கழற்றி, தங்க நிறக் கால்களை அழிரப்பரால் துடைத்து, வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். பயாஸில் அந்த ஸ்லாட்டை அணைத்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இந்த வாசலில் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

கார்டு இருக்கிறது என்றால் அதன் கீழே இருக்கிற வரிகளைப் பாருங்கள். ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்று ஒரு வரி, ‘கெர்னல் மாட்யூல்ஸ்’ என்று ஒரு வரி வர வேண்டும். இரண்டும் இல்லை என்றால் இந்தக் கெர்னலுக்குக் கார்டைத் தெரியவில்லை. மாட்யூல்ஸ் வரி இருந்து இன் யூஸ் வரி இல்லை என்றால், டிரைவர் இருக்கிறது, பிடிக்க முடியவில்லை. கெர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிஎம்இஎஸ்ஜி’ கட்டளையில் காரணம் இருக்கும். இரண்டும் இருந்தும் டிஸ்க் இல்லை என்றால் கெர்னல் மேல் தப்பில்லை; குற்றம் கார்டுக்குள். மண்டிப் பெட்டியில் இரண்டு வரியுமே இல்லை.

டிரைவர் இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை

பையன் அடுத்துக் கேட்டது நல்ல கேள்வி. “மெகாரெய்டு டிரைவர்தான் உள்ள இருக்கேண்ணே, லோட் ஆகுதே. அப்புறம் ஏன் புடிக்க மாட்டேங்குது?”

உண்மைதான். ‘மாட்ப்ரோப் மெகாரெய்டு கீழ்க்கோடு சாஸ்’ என்று அடித்தால் சத்தமில்லாமல் ஏறிக்கொள்ளும். டிஸ்க் மட்டும் வராது. ரேஷன் கடையில் அரிசி இருக்கிறது, எடை போட ஆள் இருக்கிறார், பட்டியலில் உங்கள் கார்டு நம்பர் இல்லை, அந்த மாதிரி. ஒவ்வொரு டிரைவருக்குள்ளும் ‘இந்த இந்த எண்ணுள்ள கார்டு என்னுடையது’ என்று ஒரு பட்டியல் உண்டு. ரெட்ஹேட் 8 வரும்போது அந்தப் பட்டியல்களிலிருந்து பல பழைய சேமிப்புக் கார்டுகளின் எண்களை எடுத்துவிட்டார்கள். ராக்கியும் அதையே பின்பற்றுகிறது. 1000:0060 போனது. டெல்லின் எச்200 கார்டில் இருக்கிற சாஸ்2008 சிப்பின் 1000:0072 போனது. எச்பியின் ஸ்மார்ட் அரே பி410 வகையும் போனது. சென்டோஸ் 7-இல் ஓடிய பெட்டி 8-இல் ‘டிஸ்க் இல்லை’ என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். டிஸ்க்கும் சாகவில்லை, கார்டும் சாகவில்லை.

உறுதி செய்துகொள்ள ‘மாட்இன்ஃபோ மெகாரெய்டு கீழ்க்கோடு சாஸ்’ என்று அடியுங்கள். ‘அலியாஸ்’ என்று தொடங்கி வரிசையாக வரும் வரிகள்தான் அந்தப் பட்டியல். வரியில் முதலில் கம்பெனி எண், அடுத்துச் சிப் எண், முன்னால் நிறைய சுழியம் சேர்த்து. உங்கள் 0060 அதில் இல்லையென்றால் விஷயம் தெளிவு.

டிரைவர் டிஸ்க் போடுவது

இதற்கு வழி ரொம்ப காலமாக இருக்கிறது. நான் தொழில் பழகும்போது பழைய ரெட்ஹேட் சிடியைப் போட்டு, பூட் கேட்கும் இடத்தில் ‘லினக்ஸ் டிடி’ என்று அடித்தால், டிரைவர் ஃப்ளாப்பியைப் போடு என்று கேட்கும். ஃப்ளாப்பி பாதி நேரம் படிக்காது. இப்போது ஃப்ளாப்பிக்குப் பதில் பென் டிரைவ். கதை அதேதான்.

எல்ரெப்போ என்று ஒரு குழு, ரெட்ஹேட் வகை லினக்ஸ்களுக்கு விட்டுப்போன டிரைவர்களைத் தொகுத்துத் தருகிறது. அவர்கள் தளத்தில் ‘டியுடி’ என்ற அடைவுக்குள் போனால் இஎல்8, இஎல்9 என்று பிரித்து, ‘டிடி’ என்று பெயர் தொடங்கும் சின்னச் சின்ன ஐஎஸ்ஓ கோப்புகள் இருக்கும். கோப்பின் பெயரிலேயே டிரைவர் பெயரும் எந்தப் பதிப்புக்கு என்பதும் இருக்கிறது. இங்கேதான் கவனம் வேண்டும். 8.10 பென் டிரைவுக்கு 8.10-க்கான கோப்பு. 8.6-க்கானது கிடைத்தது, இருக்கட்டும் என்று போட்டால் டிரைவர் ஏற மறுக்கும். நீங்கள் மறுபடி முதலிலிருந்து கார்டைச் சந்தேகப்படுவீர்கள்.

அண்ணாச்சி மகனின் லேப்டாப்பில் அந்தக் கோப்பை இறக்கி, இரண்டாவது பென் டிரைவில் சாதாரணமாகக் காப்பி செய்யச் சொன்னேன். ஐஎஸ்ஓவைப் பிரிக்க வேண்டாம், கோப்பாகவே இருக்கட்டும். பிறகு இரண்டு பென் டிரைவையும் சொருகிவிட்டுத் திரும்ப பூட். இன்ஸ்டால் மெனு வந்ததும் என்டர் அமுக்காமல் டேப் அமுக்கினால் (பயாஸுக்குப் பதில் யுஇஎஃப்ஐ முறையில் எழும் பெட்டி என்றால் ‘இ’ எழுத்து) ஒரு வரி திறக்கும். அதன் கடைசியில் ஒரு இடம் விட்டு ‘ஐஎன்எஸ்டி புள்ளி டிடி’ என்று சேர்த்து என்டர். யுஇஎஃப்ஐ என்றால் கண்ட்ரோல்-எக்ஸ்.

“அண்ணே, ஐஎன்எஸ்டியா, ஐஎன்எஸ்டிஏவா?”

“ஐ, என், எஸ், டி. அப்புறம் புள்ளி. அப்புறம் ரெண்டு டி. நடுவுல இடம் விடாத.”

கொஞ்ச நேரத்தில் கறுப்புத் திரையில் டிஸ்க் பட்டியல் வரும். பென் டிரைவின் எண்ணை அடித்தால் அதில் உள்ள ஐஎஸ்ஓக்களைக் காட்டும். அதைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே இருக்கும் டிரைவரைக் காட்டும். டிரைவரின் எண்ணை அடித்ததும் பெட்டிக்குள் ஒரு பெருக்கல் குறி விழும். ‘சி’ அடித்தால் தொடரும். பெருக்கல் குறி விழாமல் ‘சி’ அடித்துவிட்டு, எதுவும் நடக்கவில்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் பையனும் முதல் தடவை அதைத்தான் செய்தான்.

இன்னொரு வழியும் உண்டு. லினக்ஸ் மெஷினிலிருந்து அந்த ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் அப்படியே எழுதிவிட்டால், அதன் லேபிள் ‘ஓஇஎம்டிஆர்வி’ என்று வரும். இன்ஸ்டாலர் அந்த லேபிளைப் பார்த்தாலே கேட்காமல் டிரைவரை எடுத்துக்கொள்ளும். எனக்குக் கோப்பாக வைப்பதுதான் பிடிக்கும். ஒரே பென் டிரைவில் நாலைந்து கார்டுக்கான கோப்புகளை வைத்துக்கொண்டு அலையலாம்.

மண்டிப் பெட்டியில் இன்ஸ்டாலர் திரும்ப வந்ததும் டிஸ்க் வந்துவிட்டது. “வந்துருச்சுண்ணே!” என்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்தில் மொய் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால்

ரெட்ஹேட் வகைதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்களுக்கு நான் டெபியனைச் சொல்வேன். மூல கெர்னலில் அந்தப் பழைய எண்களை யாரும் எடுக்கவில்லை, டெபியனும் எடுக்கவில்லை. 1078, 2008 இரண்டுமே நேராகத் தெரியும். முன்பு டெபியனில் வேறொரு தொல்லை இருந்தது: ஆர்710-இல் உள்ள பிராட்காம் நெட்வொர்க் சிப்புக்கு ஃபர்ம்வேர் தனியாக வேண்டும், இன்ஸ்டாலரில் அது இருக்காது. 2023-இல் வந்த டெபியன் 12-லிருந்து ஃபர்ம்வேரும் இன்ஸ்டாலரோடு சேர்ந்தே வருகிறது.

ரெட்ஹேட் வகையிலேயே இருக்க வேண்டும் என்றால் ஆல்மா லினக்ஸைப் பாருங்கள். ரெட்ஹேட் விட்ட எண்கள் பலவற்றை 2024 மே மாதம் வந்த ஆல்மா 9.4-இல் திரும்பச் சேர்த்தார்கள்: மெகாரெய்டு, எம்பிடி3சாஸ், எம்பிடிசாஸ், எச்பிஎஸ்ஏ, ஏஏசிரெய்டு டிரைவர்கள் அந்தப் பட்டியலில் உண்டு. வெளியீட்டுக் குறிப்பில் உங்கள் எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள்.

ஆனால் 9-க்குப் போகுமுன் பிராசஸரையும் பாருங்கள். ரெட்ஹேட் 9 வகைக்கு எக்ஸ்86-64-வி2 தரம் வேண்டும். ஆர்710-இல் இருக்கும் நெஹாலம் சியான்களுக்கு அது உண்டு. அதற்கு முந்தைய தலைமுறை, அதாவது பவர்எட்ஜ் 2950 மாதிரிப் பெட்டிகளில் இருக்கும் சியான் 5400 வகைக்கு இல்லை. பழைய லினக்ஸில் ‘/ப்ராக்/சிபியுஇன்ஃபோ’ கோப்பைத் திறந்து எஸ்எஸ்இ4 கீழ்க்கோடு 2 என்று இருக்கிறதா என்று தேடினால் தெரிந்துவிடும். இல்லாத பெட்டியில் 9 போட்டால் பூட் ஆகும்போதே நின்றுவிடும். அப்போது ரெய்டு கார்டைக் குறை சொல்லக் கூடாது. ரெட்ஹேட் 10 இன்னும் ஒரு படி மேலே, வி3 கேட்கிறது. ஆல்மா 10-இல் மட்டும் வி2 பெட்டிகளுக்குத் தனியாக ஒரு பதிப்பு தருகிறார்கள். 32 பிட் பெட்டி வைத்திருப்பவர்கள் டெபியன் 12-ஓடு நிற்க வேண்டியதுதான். 2025-இல் வந்த 13-இல் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலர் கிடையாது.

எச்பியின் ரொம்பப் பழைய ஸ்மார்ட் அரே கார்டுகள் தனி ரகம். அவற்றை ஓட்டிய ‘சிசிஐஎஸ்எஸ்’ டிரைவரைக் கெர்னல் 4.14-இல் எடுத்துவிட்டார்கள். அந்த வேலை எச்பிஎஸ்ஏ டிரைவருக்கு வந்தது. ஆனால் கேட்டால்தான் அது பழைய கார்டைத் தொடும். பூட் வரியில் ‘எச்பிஎஸ்ஏ புள்ளி எச்பிஎஸ்ஏ கீழ்க்கோடு அலவ் கீழ்க்கோடு எனி சமக்குறி 1’ என்று சேர்க்க வேண்டும். டிஸ்க்கின் பெயரும் பழைய மாதிரி இருக்காது, சாதாரண எஸ்டிஏ ஆகிவிடும். எந்த டிஸ்க்கை எங்கே சேர்ப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய பெயர் எழுதியிருந்தால் மாற்றுங்கள்.

சிலர் ‘நியூ கீழ்க்கோடு ஐடி’ கோப்பில் கார்டு எண்ணை எழுதி, ஓடுகிற டிரைவரின் பட்டியலில் கையால் சேர்ப்பார்கள். சில கார்டுக்கு வேலை செய்யும். ஆனால் ரீபூட் செய்தால் மறந்துவிடும். டேட்டாவைக் காப்பி எடுக்க அவசரத்துக்கு நானும் செய்திருக்கிறேன். இன்ஸ்டாலுக்கு அதை நம்புவதில்லை.

டிரைவர் பிடித்துவிட்டது, இன்னும் டிஸ்க் இல்லை

இன் யூஸ் வரி வந்துவிட்டது, ‘எல்எஸ்பிஎல்கே’ அடித்தால் பென் டிரைவ் மட்டும்தான் தெரிகிறது. நாலாவது வாசல். பெர்க் 6/ஐ, எச்700 மாதிரிக் கார்டுகள் டிஸ்க்கை நேராகக் காட்டாது. அவற்றுக்குள் விர்ச்சுவல் டிஸ்க் என்று ஒன்றை உருவாக்கிக் கொடுத்தால்தான் லினக்ஸுக்குக் காட்டும். பெட்டி எழும்போது கார்டு தன் பெயரைச் சொல்லும் அந்த இரண்டு விநாடிக்குள் கண்ட்ரோல்-ஆர் அமுக்கி உள்ளே போக வேண்டும். எச்200 என்றால் கண்ட்ரோல்-சி, அடாப்டெக் என்றால் கண்ட்ரோல்-ஏ, பழைய எச்பி என்றால் எஃப்8. ஒரே ஒரு டிஸ்க்தான் இருக்கிறது என்றாலும் அதை ரெய்டு 0 என்று ஒரு விர்ச்சுவல் டிஸ்க்காக்க வேண்டும்.

வேறு பெட்டியிலிருந்து கழற்றி வந்த டிஸ்க் என்றால் ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ என்று கார்டு சொல்லும். வேற்றூர்க்காரன் வந்திருக்கிறான், சேர்த்துக்கொள்ளவா என்று கேட்கிறது. எஃப் அமுக்கினால் சேர்த்துக்கொள்ளும். உள்ளே போய் ‘கிளியர்’ கொடுத்தால் அந்த டிஸ்க்கில் இருந்த ரெய்டு அமைப்பை மறந்துவிடும். திருமங்கலத்தில் ஒரு மருந்து மொத்த வியாபாரி கடையில், இரவு பதினொரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் நான் கிளியர் கொடுத்தேன். யாரையும் குறை சொல்ல முடியாது, கை என்னுடையது. காப்பி இரண்டு வாரப் பழசு. அங்கே பில் போடுகிற அக்கா மூன்று நாள் உட்கார்ந்து பில்லை எல்லாம் மறுபடி ஏற்றினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, டீ மட்டும் தரவில்லை. அதிலிருந்து அந்தத் திரை வந்தால் முதலில் படம் பிடிப்பேன், அப்புறம்தான் விரல் கீபோர்டுக்குப் போகும்.

டிஸ்க்கின் அளவும் ஒரு விஷயம். பெர்க் 6/ஐ 2 டெராபைட்டுக்கு மேல் உள்ள டிஸ்க்கை முழுதாக எடுத்துக்கொள்ளாது. 4 டெராபைட் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்தால் பாதி காணாமல் போகும். எந்த லினக்ஸ் போட்டாலும் அப்படித்தான்.

மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் நேராக மாட்டிய டிஸ்க் தெரியாமல் இருந்தால் கதை வேறு. பயாஸில் சாட்டா ‘ரெய்டு’ என்று இருக்கும்; அதை டிஸ்க்கை நேராகக் காட்டும் ஏஎச்சிஐ முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதே டிஸ்க்கில் விண்டோஸும் இருந்தால் இப்படி மாற்றிய பிறகு அது பூட் ஆகாமல் போகலாம், யோசித்துச் செய்யுங்கள். பழைய ரெய்டின் எச்சம் டிஸ்க்கின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இன்ஸ்டாலர் அதைத் தனி டிஸ்க்காகக் காட்டாது. ‘வைப்எஃப்எஸ்’ கட்டளையை வெறுமனே டிஸ்க் பெயரோடு அடித்தால் எச்சத்தைக் காட்டும். ‘கோடு ஏ’ சேர்த்தால் அழித்துவிடும். அந்த ஏ-வை அடிக்குமுன் டிஸ்க் பெயரைச் சத்தமாக ஒரு தடவை வாசியுங்கள்.

டிரைவர் பிடித்த பிறகு டிஎம்இஎஸ்ஜியில் ‘டிமார்’ என்று பிழை வரிசையாக ஓடினால் பூட் வரியில் ‘இன்டெல் கீழ்க்கோடு ஐஓஎம்எம்யு சமக்குறி ஆஃப்’ சேர்த்துப் பாருங்கள்.

ஏற்றியாயிற்று என்று எழுந்து போகாதீர்கள்

இன்ஸ்டாலருக்கு டிரைவர் கொடுத்தோம். ஆனால் நாளைக்கு இந்தப் பெட்டி தானாக எழும்போது அதற்கும் அந்த டிரைவர் வேண்டும், டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்னாலேயே வேண்டும். அந்த முன்கூட்டிய மூட்டைதான் இனிட்ராம்எஃப்எஸ். டிரைவர் டிஸ்க் முறையில் ஏற்றினால் இன்ஸ்டாலரே டிரைவர் தொகுப்பைப் புதிய சிஸ்டத்திலும் போட்டுவிடும். ஆனாலும் முதல் தடவை பூட் ஆனதும் ‘எல்எஸ்இனிட்ஆர்டி’ அடித்து, வரும் பட்டியலில் மெகாரெய்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ‘டிராகட் கோடு எஃப், இரண்டு கோடு ஆட் கோடு டிரைவர்ஸ், மெகாரெய்டு கீழ்க்கோடு சாஸ்’.

அடுத்தது கெர்னல் அப்டேட். எல்ரெப்போவின் களஞ்சியத்தையும் சிஸ்டத்தில் சேர்த்துவிடுங்கள்; கெர்னல் மாறும்போது டிரைவருக்கும் புதிது வந்தால் சேர்ந்து இறங்கும். 8-க்கு 8.10-தான் கடைசிப் பதிப்பு என்பதால் பெரிய மாற்றம் இனி இல்லை. 9-இல் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, 9.5-லிருந்து 9.6 போகும் மாதிரி நாளில்தான் டிரைவர் பொருந்தாமல் போகும். அந்த அப்டேட்டைக் கடை நேரத்தில் போடாதீர்கள். ரீபூட் செய்து டிராகட் என்ற பெயரோடு ஷெல் வந்து நின்றால் பயப்பட வேண்டாம். திரும்ப ஆன் செய்து, மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் எழுந்துவிடும். வழக்கமாக மூன்று கெர்னல் வரை வைத்திருக்கும், அந்த எண்ணிக்கையைக் குறைத்துவிடாதீர்கள்.

கார்டையே மாற்றலாமா?

அண்ணாச்சியும் கேட்டார். எச்200 பழையது ஒன்று வாங்கிப் போட்டால் 2 டெராபைட் தொல்லை போகும், டிஸ்க்கை நேராகவும் காட்டும். ஆனால் இரண்டு விஷயம். பெர்க் 6-இன் கேபிள் முனை வேறு, எச்200-இன் முனை வேறு. கேபிளும் சேர்த்து வாங்க வேண்டும். அடுத்து, எச்200-இல் டெல் ஃபர்ம்வேரை எடுத்துவிட்டுப் பொதுவான எல்எஸ்ஐ ஃபர்ம்வேர் ஏற்றினால், ஆர்710-இன் சேமிப்புக்கென்று உள்ள ஸ்லாட்டில் பெட்டி அதை ஏற்காது; தப்பான கார்டு என்று சொல்லி நின்றுவிடும். வேறு ஸ்லாட்டில் போட வேண்டும். நாலு கம்ப்யூட்டருக்கு டாலி டேட்டா கொடுக்கிற பெட்டிக்கு இவ்வளவு செலவு வேண்டாம் என்றேன். கார்டின் பேட்டரியை மட்டும் மாற்றினோம். அது செத்திருந்ததால் எழுதும் வேகம் பாதியாகிக் கிடந்தது. கணக்குப்பிள்ளை லினக்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, “இப்ப வெரசா ஓடுது” என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை நானே போய் ஒரு சீட்டு எழுதி சர்வர் மூடியின் உள்பக்கம் ஒட்டினேன்: கார்டு எண் 1000:0060, டிரைவர் பெயர், டிரைவர் டிஸ்க் கோப்பின் முழுப் பெயர், ராக்கி 8.10, ஏற்றிய தேதி. அந்தக் கோப்பு உள்ள பென் டிரைவையும் ஒரு சின்ன பாலிதீன் பையில் போட்டு டேப்பால் பக்கத்திலேயே ஒட்டினேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, தாயத்தா கட்டி விடுறீக?” என்றார். வெளிப்பக்கம் ஒட்டியிருந்தால் இரண்டே மாதத்தில் மிளகாய் அடித்து எழுத்து தெரியாமல் போயிருக்கும்.